சூரிய வெப்பத்தில் விளைபொருள் உலர்த்தல்: ஆலைகளுக்கு வெயில் கட்டுப்படியாகுமா?

ஆந்திரப் பிரதேசத்தின் குண்டூர், பல்நாடு மாவட்டங்களில் ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை திறந்தவெளிக் களங்கள் சிவந்து கிடக்கும். பறித்த மிளகாயை ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வரை வெயிலில் பரப்பிக் காயவைத்த பிறகே விவசாயிகள் அதை மண்டிக்குக் கொண்டு செல்கின்றனர். அந்த நாட்களில் ஒரே ஒரு இரவு எதிர்பாராத மழை பெய்தாலும் போதும். தார்ப்பாய் போர்த்தியும் நனைந்துபோன மிளகாய் கறுத்து, பூஞ்சை பிடித்து, விலையில் பாதியை இழந்துவிடுகிறது. மகாராஷ்டிரத்தின் சாங்லி, நாசிக் பகுதிகளில் உலர்திராட்சைக் கொட்டகைகளை நம்பியிருப்போருக்கும் மார்ச் மாதத்து மேகங்கள் இதே அச்சத்தையே தருகின்றன.

இந்தியாவின் பெரும்பகுதியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு 4 முதல் 7 கிலோவாட் மணி வரை சூரிய ஆற்றல் விழுகிறது. ஆண்டில் ஏறத்தாழ 300 நாட்கள் வெயில் உண்டு. இருந்தும், விளைபொருளைத் தொழில்முறையில் உலர்த்தும் ஆலைகளில் பெரும்பாலானவை விறகு, நிலக்கரி, எரிவாயு, டீசல் ஆகியவற்றையே எரிக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் வெயிலை விட்டுவிட்டுக் காசு கொடுத்து எரிபொருள் வாங்குவது ஏன் என்ற கேள்வி எளிதாகத் தோன்றலாம். அதற்கான விடை வெப்பத்தின் விலையில் மட்டும் இல்லை. எந்த நேரத்தில், எத்தனை நாட்கள், எந்தப் பொருளுக்கு அந்த வெப்பம் தேவைப்படுகிறது என்பதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

களத்து வெயிலும் இலவசமன்று

மத்திய உணவுப் பதப்படுத்தும் தொழில்கள் அமைச்சகத்துக்காக நாப்கான்ஸ் நிறுவனம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வின்படி, அறுவடைக்குப் பிந்தைய இழப்பு பழங்களில் 6.02 முதல் 15.05 சதவீதம் வரையிலும், காய்கறிகளில் 4.87 முதல் 11.61 சதவீதம் வரையிலும் இருக்கிறது. இதற்கு முன் லூதியானாவின் அறுவடைக்குப் பிந்தைய பொறியியல், தொழில்நுட்ப மத்திய நிறுவனம் 2015-இல் அளித்த மதிப்பீடு, 2014-ஆம் ஆண்டு மொத்த விலையில் இந்த இழப்பை 92,651 கோடி ரூபாய் எனக் கணக்கிட்டது. விலை சரியும்போது தக்காளி சாலையோரம் கொட்டப்படும் காட்சி நமக்குப் புதிதன்று. அழுகும் பொருளைச் சில நாட்களில் விற்றாக வேண்டிய நெருக்கடியிலிருந்து விவசாயியை விடுவிக்கும் வழிகளில் மிகப் பழமையானது உலர்த்தல்.

ஆனால் திறந்த களத்தில் காயவைப்பதற்கு மறைமுகமான விலை உண்டு. தூசி, பறவை எச்சம், ஈ, எலி ஆகியவை ஒருபுறம். இரவில் பனி இறங்கிப் பகலில் காய்ந்த பொருளை மீண்டும் ஈரமாக்குவது மறுபுறம். இப்படி ஈரமும் வெப்பமும் மாறிமாறி நீடிக்கும் நாட்களில்தான் அஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய் உள்ளிட்ட மசாலாப் பொருட்களில் ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் அஃப்ளாடாக்சின் பி1, மொத்த அஃப்ளாடாக்சின் 10 மைக்ரோகிராம் என வரம்பு விதித்துள்ளது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த வரம்பைத் தாண்டிய சரக்கு துறைமுகத்திலேயே நிராகரிக்கப்படும். ஏற்றுமதி மிளகாய்க்கு இந்திய நறுமணப் பொருட்கள் வாரியம் அஃப்ளாடாக்சின் பரிசோதனையைக் கட்டாயமாக்கியதன் பின்னணி இதுதான்.

நிறமும் இழப்புக் கணக்கில் சேரும். ஏலக்காயை நேரடி வெயிலில் காயவைத்தால் பச்சை நிறம் வெளிறிவிடும். பச்சை நிறமே அதன் விலையைத் தீர்மானிக்கிறது. ஆகவேதான் இடுக்கி மலைகளில் தலைமுறைகளாக ஏலக்காயை மூடிய அறைகளில், விறகின் வெப்பக் காற்றில், 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உலர்த்தி வருகின்றனர். மஞ்சளின் குர்குமின், கீரைகளின் பச்சையம், கேரட்டின் பீட்டா கரோட்டின் ஆகிய அனைத்தும் நேரடி ஒளியில் குறைகின்றன. எனவே வெயிலைப் பயன்படுத்துவது என்பதும் வெயிலில் காட்டுவது என்பதும் ஒன்றல்ல. நவீன சூரிய உலர்த்தி இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறது.

காற்றைத் தாகம் கொள்ளச் செய்தல்

உலர்த்தலில் வெப்பம் செய்யும் வேலை இரண்டு. பொருளிலுள்ள நீரை ஆவியாக்க வேண்டும். அந்த ஆவியை ஏந்திச் செல்லும் திறனைக் காற்றுக்கு அளிக்க வேண்டும். இரண்டாவது வேலை பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. மழைக்காலத்தில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஒப்பு ஈரப்பதமும் கொண்ட காற்று, அநேகமாக வயிறு நிறைந்த காற்று. அதில் எதையும் காயவைக்க இயலாது. அதே காற்றை, ஒரு துளி நீரும் நீக்காமல், 55 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 22 சதவீதமாகச் சரிகிறது. இப்போது அது தாகமுள்ள காற்று. சென்னையின் ஜூலை மாதக் காற்றை ஜெய்சால்மரின் மே மாதக் காற்றைப்போல் வறண்டதாக மாற்ற 25 டிகிரி உயர்வே போதும் என்று கொள்ளலாம்.

இந்த 25 டிகிரி உயர்வு சூரிய வெப்பத்துக்கு மிக எளிதானது. கறுப்பு வண்ணம் பூசிய உலோகத் தகடு, மேலே ஒரு கண்ணாடி, கீழே வெப்பம் கசியாத காப்பு, இடையே காற்றோட்டம் என்ற அளவில் அமைந்த தட்டைச் சேகரிப்பானே இதைச் செய்துவிடும். இரும்பை உருக்கவோ சிமென்ட் சுடவோ ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். அங்கே வெயில் எளிதில் எட்டாது. ஆனால் மிளகாய்க்கு 50 முதல் 60 டிகிரி, விதை நெல்லுக்கு 43 டிகிரிக்குள் என்று உலர்த்தலின் தேவை குறைவானது. தொழில்துறை வெப்பத் தேவைகளிலேயே சூரியனுக்கு மிக அருகில் நிற்பது விளைபொருள் உலர்த்தல் என்று பொறியாளர்கள் கருதுவதற்கு இதுவே காரணம்.

வேகமும் அளவோடு இருக்க வேண்டும். தொடக்கத்திலேயே மிகுந்த வெப்பம் கொடுத்தால் மேற்புறம் இறுகி ஓடுபோல் ஆகிவிடும். உள்ளே ஈரம் அடைபட்டு நிற்கும். வெளியே காய்ந்ததாகத் தோன்றும் இத்தகைய சரக்கே கிடங்கில் சில வாரங்களில் பூஞ்சை பிடிக்கிறது. நெல்லை அவசரமாக உலர்த்தினால் மணியில் வெடிப்பு விழுந்து, அரைக்கும்போது நொய் மிகும். அதனால்தான் அரிசி ஆலைகள் நெல்லை இரு கட்டங்களாக உலர்த்தி, இடையில் சில மணி நேரம் ஆறவிடுகின்றன. காற்றின் வேகத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தும் விசிறியும் உணரியும் இல்லாத உலர்த்தி, எவ்வளவு பளபளப்பான கூரை கொண்டிருந்தாலும், ஆலைத் தரத்துக்கு உரியதன்று.

வடிவங்களைப் பொறுத்தவரை, நேரடி வெயில் படும் பெட்டி, வேறிடத்தில் சூடான காற்றை மூடிய அறைக்குள் செலுத்தும் மறைமுக உலர்த்தி, இரண்டையும் கலந்த கூடார உலர்த்தி ஆகியவை முக்கியமானவை. ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில் உருவான சுரங்க வடிவ உலர்த்தியும், தாய்லாந்தின் சில்பகோர்ன் பல்கலைக்கழகம் பரப்பிய பாலிகார்பனேட் கூடார உலர்த்தியும் பல நாடுகளுக்கு முன்மாதிரி ஆயின. தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை மானியத்துடன் அமைத்துத் தரும் சூரிய கூடார உலர்த்தி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. கொப்பரை, மிளகாய், முருங்கை இலை, வாழைப்பழம் ஆகியவற்றுக்கு அது பயன்படுகிறது. இந்தியாவில் 1979-இல் தொடங்கப்பட்ட குஜராத்தின் சர்தார் படேல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆராய்ச்சி நிறுவனம், ஜோத்பூரின் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம், உதய்பூரின் மகாராணா பிரதாப் வேளாண் பல்கலைக்கழகம் ஆகியவை இத்துறையில் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகின்றன. ஆள் உள்ளே நடந்து செல்லும் அளவிலான அரைவட்டச் சுரங்க உலர்த்தியில் திராட்சையை உலர்த்திய உதய்பூர் ஆய்வு 2010-இல் வெளியானது.

ஒரு டன் வெங்காயத்தின் கணக்கு

குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்திலுள்ள மகுவா, நாட்டின் வெங்காய உலர்த்தல் தொழிலின் தலைமையிடம். அங்கு வெள்ளை வெங்காயத்தைச் சீவி, வெப்பக் காற்றில் உலர்த்திச் செதில்களாகவும் பொடியாகவும் ஏற்றுமதி செய்கின்றனர். இத்தகைய ஆலைக்குச் சூரிய வெப்பம் எவ்வளவு தேவைப்படும் என்பதை எளிய கணக்கால் அறியலாம்.

வெங்காயத்தில் ஏறத்தாழ 86 சதவீதம் நீர். ஒரு டன் வெங்காயத்தில் 140 கிலோ மட்டுமே திடப்பொருள். இறுதிச் சரக்கில் 5 சதவீத ஈரம் இருக்கலாம் எனில் கிடைப்பது சுமார் 147 கிலோ. வெளியேற்ற வேண்டிய நீர் சுமார் 850 கிலோ. ஒரு கிலோ நீரை 40 டிகிரி அளவில் ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோஜூல், அதாவது 0.67 கிலோவாட் மணி வெப்பம் வேண்டும். இழப்பே இல்லாத உலர்த்தியில்கூட ஒரு டன்னுக்கு 570 கிலோவாட் மணி செலவாகும் என்று பொருள். எந்தப் பொறியாலும் இந்த அளவைக் குறைக்க இயலாது. வெளியேறும் ஆவியிலிருந்து வெப்பத்தை மீட்டெடுக்கும் ஏற்பாடு மட்டுமே விதிவிலக்கு.

ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு விழும் 5 கிலோவாட் மணியில், சேகரிப்பானின் இழப்பும் உலர்த்தியின் இழப்பும் போக 30 சதவீதம் உண்மையில் நீரை ஆவியாக்கப் பயன்படுகிறது எனக் கொள்வோம். அது 1.5 கிலோவாட் மணி; அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமான நீர். ஒரு டன் வெங்காயத்துக்கு 380 சதுர மீட்டர், ஏறத்தாழ 4,100 சதுர அடி தேவை. நாளொன்றுக்கு 20 டன் உலர்த்தும் ஆலை எனில் கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர் பரப்பு முழுவதும் சேகரிப்பான்களாக இருக்க வேண்டும். கிராமப்புறத்தில் இடம் கிடைக்கலாம். ஆனால் அந்த இரண்டு ஏக்கரிலிருந்து வெப்பக் காற்றை ஓரிடத்துக்குக் கொண்டுவரும் குழாய்களும், அவற்றில் கசியும் வெப்பமும், காற்றைத் தள்ளும் விசிறிகளின் மின்சாரமும் தனிச் செலவுகள்.

அடுத்த தடை இரவு. ஆலை மூன்று பணிநேரங்களில் இயங்குகிறது. வெட்டிய வெங்காயம் விடியலுக்காகக் காத்திருக்காது. பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் பயன்படுத்தலாமா? ஒரு கன மீட்டர் நீரை 40 டிகிரி உயர்த்திச் சேமித்தால் கிடைப்பது சுமார் 46 கிலோவாட் மணி. மேற்சொன்ன ஒரு டன் வெங்காயத்தின் நீரில் பாதியை இரவில் நீக்க, இழப்புகளையும் சேர்த்தால், ஏறத்தாழ 12,000 லிட்டர் வெந்நீர்த் தொட்டி வேண்டும். அந்தத் தொட்டியைச் சூடாக்கக் கூடுதல் சேகரிப்பான்களும் வேண்டும். ஒரு டன்னுக்கு இது கைக்கெட்டும் தூரம். இருபது டன்னுக்கு அப்படியன்று. உருகும்போது வெப்பத்தை உள்வாங்கி உறையும்போது வெளியிடும் பாரஃபின் போன்ற பொருட்கள் குறித்து ஆய்வேடுகள் ஏராளமாக வெளிவந்துள்ளன. அவற்றின் விலை இன்னும் ஆலைக் கணக்குக்கு இறங்கிவரவில்லை.

ஆகவே பெரிய ஆலைகளில் எரிபொருளை முழுமையாக நீக்கிவிடலாம் என்ற விளம்பரத்தை ஐயத்துடனேயே அணுக வேண்டியுள்ளது. அதைவிட அடக்கமான, ஆனால் நடைமுறையில் நிரூபணமான வழி ஒன்று தெற்கிலேயே இருக்கிறது.

தேயிலை காட்டிய வழி

தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலையின் முக்கால் பங்குக்கு மேல் நீர். இறுதியில் இருக்க வேண்டியது 3 சதவீத அளவு. இலையை வாட்டுவதற்கு மிதமான வெப்பமும், கடைசி உலர்த்தலுக்கு 90 டிகிரிக்கு மேற்பட்ட காற்றும் தேவை. சாதாரண தட்டைச் சேகரிப்பான் இவ்வளவு உயரத்துக்குத் திறம்பட ஏறாது. ஆனால் நீலகிரியின் குளிர்ந்த காலைக் காற்றை அடுப்புக்கு நேராக அனுப்பாமல், தொழிற்சாலையின் கூரைமீது பொருத்திய சேகரிப்பான் வழியாக இழுத்து, பாதித் தூரம் சூடாக்கி அனுப்பலாம். எஞ்சிய வெப்பத்தை விறகோ நிலக்கரியோ கொடுக்கும். கூரை ஏற்கனவே இருப்பதால் புதிய இடம் வேண்டாம். மேகம் வந்தால் அடுப்பு கூடுதலாக எரியும், இலை கெடாது.

தென்னிந்தியத் தேயிலைத் தொழிற்சாலைகளில் நடைமுறைக்கு வந்த இந்த முன்சூடேற்றும் முறையின் பொருளாதாரத்தைப் பழனியப்பன், சுப்பிரமணியன் ஆகியோர் 1998-இல் 'சோலார் எனர்ஜி' ஆய்விதழில் ஆராய்ந்து வெளியிட்டனர். கால் நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்ட பாடம் அது. சூரியன் முதல் ஐம்பது டிகிரியைத் தரட்டும், எஞ்சியதை எரிபொருள் தரட்டும் என்ற பங்கீட்டில் சேகரிப்பானும் திறம்பட இயங்குகிறது. ஏனெனில் சேகரிப்பான் எவ்வளவு குறைந்த வெப்பநிலையில் இயங்குகிறதோ, அவ்வளவு குறைவான வெப்பமே அதிலிருந்து வெளியே கசிகிறது. சூரியனை அதன் எல்லைவரை விரட்டுவதைவிட, அதற்கு எளிதான வேலையைக் கொடுப்பதே மலிவு.

கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் மீன் உலர்த்தலில் இதே வழியைப் பின்பற்றிச் சூரிய வெப்பத்துடன் எரிவாயு, விறகு, மின்சாரம் ஆகியவற்றில் ஒன்றைத் துணையாக வைத்த கலப்பு உலர்த்திகளை உருவாக்கியது. பாதி காய்ந்த மீனுடன் மழைநாளில் மாட்டிக்கொண்டவர்கள் அந்தத் துணையின் மதிப்பை அறிவார்கள்.

கிராமத்தில் உலர்த்தி, ஆலையில் பொடியாக்கி

இரண்டு ஏக்கர் சேகரிப்பானை ஓரிடத்தில் அமைக்க முடியாவிட்டால், அதை நூறு கிராமங்களில் சிறுசிறு துண்டுகளாக அமைக்கலாமே என்ற சிந்தனையில் பிறந்த முறை மற்றொன்று. மகாராஷ்டிரத்தில் செயல்படும் எஸ்4எஸ் டெக்னாலஜிஸ் இதற்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு. மும்பை வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்த இளைஞர்கள் தொடங்கிய இந்நிறுவனம், வெப்பத்தைத் தகட்டின் வழியாகவும் பொருளுக்குக் கடத்தும் சூரிய உலர்த்தியை வடிவமைத்தது. கிராமத்துப் பெண்கள் இவற்றில் வெங்காயம், இஞ்சி, பூண்டு, தக்காளி போன்றவற்றைச் சீவி உலர்த்துகின்றனர். நிறுவனம் அதை வாங்கி, மேலும் பதப்படுத்தி, உணவு நிறுவனங்களுக்கு விற்கிறது. 2023-இல் கழிவற்ற உலகம் என்ற பிரிவில் எர்த்ஷாட் பரிசு இந்நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் நயம், ஒரு டன் வெங்காயத்துக்குப் பதிலாக 150 கிலோ செதிலைச் சுமந்தால் போதும் என்பதே. நீரைச் சுமக்கும் லாரி வாடகை மிச்சம். சந்தையில் விற்காத சிறிய, வடிவமற்ற காய்களும் பயன்படுகின்றன. ஆனால் இதன் வெற்றி உலர்த்தியில் இல்லை, வாங்குபவரில் இருக்கிறது. நாட்டின் பல பகுதிகளில் மானியத்தில் நிறுவப்பட்டு ஓராண்டுக்குள் துணி உலர்த்தும் இடமாகிப்போன உலர்த்திகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அது ஒன்றே. நூறு வீடுகளில் உலரும் சரக்கின் ஈரப்பதமும், துண்டின் தடிமனும், சுகாதாரமும் ஒரே தரத்தில் இருந்தால்தான் உணவு ஆலை வாங்கும். அதற்குப் பயிற்சி, தொகுப்புவாரிச் சோதனை, உரிய நாளில் பணம் ஆகியவை தேவை. கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ இதைச் செய்யலாம். செய்ய ஒருவர் வேண்டும் என்பதே முக்கியம்.

லடாக்கில் சர்க்கரை பாதாமி உலர்த்தலும் இதே பாதையில் நகர்கிறது. அங்கே காற்று இயல்பாகவே வறண்டது. கூரைமேல் காயவைப்பது பழைய வழக்கம். மூடிய உலர்த்தியால் கிடைக்கும் லாபம் எரிபொருளில் இல்லை. மண்ணும் பூச்சியும் இல்லாத, நிறம் கெடாத பழத்துக்குக் கிடைக்கும் கூடுதல் விலையே லாபம்.

ஆண்டில் எத்தனை நாள்?

சூரிய உலர்த்தியின் பொருளாதாரத்தைப் பேசுவோர் பெரும்பாலும் தவிர்க்கும் கேள்வி இது. ஒரு சதுர மீட்டர் நல்ல சேகரிப்பான் நாளொன்றுக்கு 2 கிலோவாட் மணி பயனுள்ள வெப்பம் தருவதாகக் கொண்டால், ஆண்டில் 250 நாட்கள் இயங்கும் ஆலையில் அது 500 கிலோவாட் மணியைத் தரும். அந்த வெப்பத்தை எல்பிஜி எரித்துப் பெறச் சுமார் 46 கிலோ எரிவாயு வேண்டும். 19 கிலோ வணிக சிலிண்டர்கள் இரண்டுக்கும் மேல். விறகு எனில், சாதாரண அடுப்பின் திறனில், ஏறத்தாழ 300 கிலோ.

மிளகாய்க்கு மட்டும் பயன்படும் உலர்த்தி ஆண்டில் 80 நாட்கள் இயங்கினால் இந்த மிச்சம் 15 கிலோ எல்பிஜியாகவோ 100 கிலோ விறகாகவோ சுருங்கிவிடும். முதலீடு மட்டும் அப்படியே நிற்கும். எல்பிஜி அல்லது டீசலுக்கு மாற்றாக, ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலையில் முதலீடு சில ஆண்டுகளில் மீளக்கூடும்; மலிவான விறகுக்கோ சொந்த உமிக்கோ மாற்றாக, ஒற்றைப் பருவத்தில் மட்டும் இயங்கினால் மீளவே மீளாது. உமியைக் கழிவாகவே பெறும் அரிசி ஆலை சூரிய வெப்பத்தில் ஆர்வம் காட்டாததில் வியப்பில்லை. புகையும் கரியும் குறைவதன் பொதுநன்மை உண்மையானது. ஆனால் ஆலை உரிமையாளரின் பேரேட்டில் அதற்கு இன்று தனி வரி இல்லை.

எனவே ஒரே உலர்த்தியில் பல பயிர்களை அடுத்தடுத்து உலர்த்தும் நாட்காட்டி இன்றியமையாதது. பிப்ரவரியில் மிளகாய், மார்ச்சில் மஞ்சள், கோடையில் மாங்காய்த் துண்டு, பின்னர் முருங்கை இலை, குளிர்காலத்தில் இஞ்சியும் நெல்லிக்காயும் என்று ஆண்டை நிரப்ப வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மிளகாயின் காரமும் பூண்டின் வாசமும் தட்டுகளில் தங்கிவிடும். அடுத்து உலரும் வாழைப்பழத்தில் அது ஏறினால் சரக்கு திரும்பி வரும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித் தட்டுகளும், இடையே முறையான கழுவலும் கட்டாயம்.

எரிபொருள் மிச்சத்தைக் காட்டிலும் தரத்தால் கிடைக்கும் விலை உயர்வே பல இடங்களில் உலர்த்தியின் கடனை அடைக்கிறது. இரண்டு வாரக் களத்து வேலை சில நாட்களில் முடிவதும், மழையால் ஒரு தொகுப்பு முழுவதும் கெடாமல் தப்புவதும் கணக்கில் சேரும். தரத்துக்கு விலை கொடுக்காத மண்டியில், சுத்தமான சரக்கும் மண் ஒட்டிய சரக்கும் ஒரே குவியலில் விழும் இடத்தில், இந்த லாபம் ஏட்டிலேயே நின்றுவிடும்.

மின்தகடு வழியே வெப்பம்

அண்மைக் காலத்தில் கணக்கைச் சற்றே மாற்றியிருப்பது சூரிய மின்தகடுகளின் விலை வீழ்ச்சி. வெப்பச் சேகரிப்பான் வெயிலில் ஏறத்தாழ பாதியை வெப்பமாக்குகிறது; மின்தகடு ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே மின்சாரமாக்குகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் சேகரிப்பானே மேல். ஆனால் அந்த மின்சாரத்தால் ஹீட் பம்ப் எனப்படும், குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பி வைத்தாற்போன்ற பொறியை இயக்கினால், ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் கிடைக்கக்கூடும். இருபது சதவீதம் அறுபதாகிறது. வெளியேறும் ஈரக்காற்றிலுள்ள வெப்பத்தையும் இந்தப் பொறி மீட்டெடுக்கும். இரவில் மின்கட்டமைப்பின் மின்சாரத்தில் இயங்கும்.

இதன் பெரிய அனுகூலம், உலர்த்தல் இல்லாத மாதங்களிலும் தகடுகள் சும்மா கிடப்பதில்லை என்பதே. அந்த மின்சாரம் அரைவை இயந்திரத்துக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் போகலாம். விதிகள் இடமளிக்கும் மாநிலங்களில் மின்வாரியத்துக்கும் போகலாம். காற்றைச் சூடாக்கும் சேகரிப்பானுக்கோ வேறு வேலை தெரியாது. ஹீட் பம்ப்பின் முதலீடு அதிகம், பழுது பார்க்கும் ஆட்கள் சிற்றூர்களில் அரிது, 60 டிகிரிக்கு மேல் அதன் திறன் குறைகிறது ஆகியவை மறுபக்கம். ஏலக்காய், மூலிகை, விதை போன்று மிதமான வெப்பமும் உயர்ந்த விலையும் கொண்ட பொருட்களுக்கு இது பொருந்துகிறது. தேயிலையின் கடைசி உலர்த்தலுக்குப் பொருந்தாது.

கடனும் மானியமும்

சிறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான பிரதமரின் திட்டம் 2020-இல் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கப்பட்டது. தனிநபர் அலகுகளுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை கடனுடன் இணைந்த மானியம் இதில் உண்டு. அதே ஆண்டில் தொடங்கிய ஒரு லட்சம் கோடி ரூபாய் வேளாண் உட்கட்டமைப்பு நிதியின்கீழ், 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டித் தள்ளுபடி வழங்கப்படுகிறது. மாநில வேளாண், தோட்டக்கலைத் துறைகளின் மானியங்கள் தனி.

வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது சதுர அடி விலையை அன்று. இந்த உலர்த்தி ஒரு நாளில் எத்தனை கிலோ நீரை வெளியேற்றும் என்பதைக் கேட்க வேண்டும். அதுவும் ஏப்ரல் மாத அளவன்று. நமது பொருள் அறுவடையாகும் மாதத்தின் அளவு. தட்டில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ பரப்பலாம், மின்சாரம் நின்றால் விசிறி எதில் ஓடும், பாலிகார்பனேட் தகட்டில் புறஊதாக் கதிர்த் தடுப்புப் பூச்சு உண்டா, அதற்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் ஆகியவற்றை எழுத்தில் பெறுவது நல்லது. பூச்சில்லாத தகடு சில ஆண்டுகளிலேயே மஞ்சளாகி ஒளியை மறைத்துவிடும். தூசி படிந்த கூரையும் அதையே செய்யும். அதைக் கழுவ ஏணியும் தண்ணீரும் போதும்.

உலர்ந்த சரக்கை ஆறவைத்துக் காற்றுப் புகாத உறையில் உடனே அடைப்பதும் உலர்த்தலின் ஒரு பகுதியே. நுண்ணுயிர்கள் வளர இயலாத அளவுக்கு, அதாவது நீர்ச்செயல்பாடு 0.6-க்குக் கீழே, உலர்த்திய வெங்காயச் செதிலை மழைக்காலக் கிடங்கில் சாதாரணச் சாக்கில் வைத்தால், வெயிலில் இழந்த ஈரத்தைச் சில நாட்களிலேயே அது காற்றிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளும்.